சிரிப்பு யார் பக்கம்?

லாஸ்பேட்டையில் ஒரு தெருமுனைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். மேடையில் ஒரு பேச்சாளர். நம்மவர்தாம். கடைத்தெருவே கலகலக்கும்படி பேசக்கூடியவர். விலைவாசியைப் பேசினார், வேலையின்மையைப் பேசினார், கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மாற்றுக் கட்சிக்காரர் ஒருவரின் நடையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதருக்குக் காலில் ஊனம். மேடையிலேயே இப்படி இரண்டு எட்டு, அப்படி இரண்டு எட்டு நொண்டி நடந்து காட்டினார். விசில் பறந்தது. கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நம் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்ந்தவர். "இன்னாங்க ஐயா, சிரிப்பு வரலியா?" என்று கேட்டோம். "தம்பி, விலைவாசியப் பத்திப் பேசுனப்போ அந்த ஆளுக்குக் கோபம் வந்திருக்கும். இப்ப அவனுக்கு அழுகை வந்திருக்கும். நமக்கு எது வேணும்?" என்றார்.

கேட்ட கேள்வி நெஞ்சில் தைத்தது, தோழர்களே! நகைச்சுவை நம்மிடம் உள்ள கருவி. துப்பாக்கி இல்லாதவன், பணப்பெட்டி இல்லாதவன், பதவி இல்லாதவன் கையில் அது ஒன்றுதான் காசில்லாமல் கிடைக்கும் கருவி. அதை எவன் மேல் வீசுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டாமா?

இந்த லாஸ்பேட்டையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "லாஸ் ஆனவன் குடியேறிய பேட்டை" என்று டீக்கடையில் வேடிக்கை சொல்வார்கள். லா என்ற பிரெஞ்சு கவர்னர் பெயரால் வந்தது என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம். 1761-இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுவையை, 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின், 1765-இல் திரும்பப் பெற்றுக்கொண்டவர் ழான் லா. அவருடைய பெரியப்பன் சித்தப்பன் வகையில் ஒருவர் ஜான் லா. பிரான்சின் நிதிப் பொறுப்பையே கையில் வைத்திருந்து, காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளி, 1720-இல் நாட்டையே நட்டத்தில் ஆழ்த்திவிட்டு ஓடிய மகானுபாவர்! ஆகவே டீக்கடைக்காரன் சொன்ன 'லாஸ்' அவனுக்கே தெரியாமல் சரித்திரத்தைத் தொட்டுவிட்டது. அந்தச் சிரிப்பு ஒரு கவர்னர் குடும்பத்தின் மேல் விழுகிறது. விழட்டும்.

லாஸ்பேட்டைக்கு அருகேதான் முத்தியால்பேட்டையும் கருவடிக்குப்பமும். பாரதி 1908 முதல் 1918 வரை பத்தாண்டு காலம் புதுவையில் ஒதுங்கி வாழ்ந்தபோது காலாற நடந்த பகுதி அது. அவர் இங்கு வந்த காரணத்தை நினைவில் வைக்க வேண்டும். சென்னையில் 'இந்தியா' ஏட்டில் வந்த எழுத்துக்காக, சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் என்பவருக்கு 1908-இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தார்கள். எழுதியவர் எல்லை தாண்டிப் புதுவைக்கு வந்தார். ஏடும் பின்னாலேயே வந்தது. அந்த ஏட்டின் கேலிச் சித்திரங்கள் தமிழ்நாட்டுக்கே புதுமை. எழுத்துக் கூட்டத் தெரியாத உழவனும் படத்தைப் பார்த்துச் சிரித்துவிடலாம். அதனால்தான் ஆட்சிக்கு ஆத்திரம். 1910-இல் ஏடு நின்றது. கடிதங்கள் வழியில் பறிபோயின. தெருவெல்லாம் ஒற்றர்கள்.

வாடகை கொடுக்கப் பணமில்லை. அந்த நிலையிலும் மனிதர் சிரித்தார்; பிறரையும் சிரிக்க வைத்தார். நண்பர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் சூட்டினார். முத்தியால்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியார் குள்ளமாய்க் கட்டுக்குட்டென்று இருப்பார். அவருக்கு 'வெல்லச்சு' என்று பெயர். இன்னொருவர் 'எலிக்குஞ்சு'. வீட்டுக்காரருக்கு 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்'. வ.ரா. எழுதிய பாரதி வரலாற்றில் இவர்களையெல்லாம் காணலாம். வாடகை கேட்கத்தான் அந்தச் செட்டியார் வருவாராம். பாரதி பாடிக்கொண்டிருப்பார். உட்கார்ந்து கேட்பார். வாடகைப் பேச்சை எடுக்காமலே எழுந்து போய்விடுவார். இப்படி ஒரு வீட்டுக்காரர் நமக்கு வாய்த்தால் நாமும் கவி பாடலாமே என்று தோழர்கள் பெருமூச்சு விடக்கூடும்!

"இதுவும் உருவத்தைக் கேலி செய்வதுதானே? குள்ளமானவரை வெல்லச்சு என்றால் சரி, நொண்டியை நொண்டி என்றால் தவறா?" என்று ஒருவர் மடக்கலாம். மடக்கட்டும். பதில் அந்தச் செட்டியார்களின் நடத்தையில் இருக்கிறது. வெல்லச்சு தம் தோப்பைப் பாரதிக்குத் திறந்துவிட்டார். விளக்கெண்ணெய் தம் வாடகையை விட்டுக்கொடுத்தார். கேலிக்கு ஆளானவன் கேலி செய்தவன் வீட்டுத் திண்ணைக்கு மறுநாளும் வருகிறானா? அதைப் பார்த்தால் போதும். நம் மேடையில் நடித்துக் காட்டப்பட்ட மனிதர் நம் திண்ணைக்கு வருவாரா?

வெல்லச்சுவின் தோப்பில்தான் குயில் பாட்டு பிறந்தது என்று புதுவை சொல்லும். காதல் காவியம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதிலுள்ள குறும்பை எத்தனை வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்தக் குயில் ஒரு குரங்கைப் பார்த்துக் காதல் பேசுகிறது. மனிதர்கள் குரங்கினத்துக்கு ஈடாக என்னென்னவோ செய்து பார்க்கிறார்களாம். மீசை தாடி வளர்க்கிறார்களாம். ஏணி வைத்தாவது கோபுரம் ஏறுகிறார்களாம். எல்லாம் செய்தாலும் வாலுக்கு எங்கே போவார்கள் என்று கேட்கிறது குயில்! தலைப்பாகையில் தொங்கும் துணி வாலாகிவிடுமா என்றும் கேட்கிறது. அடுத்து ஒரு மாட்டிடம் போய் அதே பாட்டு, அதே புகழ்ச்சி. எட்டயபுரம் ஜமீனில் இருந்தவர் எழுதியது இது என்பதை மறக்கக் கூடாது. பல்லக்கில் போகிறவனைப் பார்த்து 'நீயே இந்திரன், நீயே சந்திரன்' என்று பாடிப் பிழைத்த கூட்டத்தை அவர் கண்ணால் கண்டவர். குரங்குக்கும் மாட்டுக்கும் அந்தப் புகழ்மாலையைச் சூட்டியபோது, மாலை கட்டியவன் முகத்திலும் கரி, போட்டுக்கொண்டவன் முகத்திலும் கரி என்று படுகிறது நமக்கு.

அந்த எட்டயபுரத்தைப் பற்றியே ஒரு செய்தி உண்டு. சிறுவன் பாரதியை ஒருவர் அவையில் மட்டம் தட்ட, 'பாரதி' சின்னப் பயல் என்று ஈற்றடி கொடுத்தாராம். பையன் தன் பெயரையே 'பார்', 'அதி' என்று இரண்டாக வெட்டினான். கொடுத்தவர் பெயரை முன்னால் ஒட்டினான். சின்னப் பயல் யார் என்பது அவைக்குத் தெரிந்துவிட்டது. வயதும் செல்வாக்கும் எதிரே; இவனிடம் ஓர் எழுத்துப் புணர்ச்சி மட்டும்!

'சின்ன சங்கரன் கதை'யில் ஜமீனை நேராகவே பிடித்தார். கவுண்டனூர் ஜமீன்தார் பெயரைச் சொல்வதற்குள் நமக்கு மூச்சு வாங்கும். பட்டங்கள் அவ்வளவு நீளம். கைப்பிரதி ஒற்றர் கைக்குப் போய்விட்டது என்பார்கள். மறுபடி எழுதத் தொடங்கியதும் முற்றுப்பெறவில்லை. இன்று நம் கையில் இருப்பது குறைக் கதை. சிரிப்புக் கதையைக்கூடத் திருடவேண்டிய அளவுக்கு ஓர் ஏகாதிபத்தியம் பயந்தது என்று நினைத்தால், அதுவே ஒரு சிரிப்புக் கதை. 'காக்காய்ப் பார்லிமெண்ட்' வேறு இருக்கிறது. ருஷ்ய நாட்டு மன்னன் அரியணை இழந்ததைப் பற்றி வேதபுரத்துக் காக்கைகள் கூடிப் பேசும். வேதபுரம் என்றால் புதுவை. கேட்கும் ஒற்றன் எந்தக் காக்கையைக் கைது செய்வான்?

பாரதியின் வழியில் வந்த புதுவைக்காரர் பாவேந்தர் பாரதிதாசன். அவருடைய 'இருண்ட வீடு' படித்து நாம் விழுந்து விழுந்து சிரித்ததுண்டு. கல்வியில்லாத குடும்பம் ஒவ்வொரு வேலையிலும் எப்படிக் குட்டிச்சுவராகிறது என்பது கதை. உண்மையைச் சொல்வதானால் சில இடங்களில் நமக்கு உறுத்தவும் செய்தது. படிக்காதவனைப் பார்த்துப் படித்தவன் சிரிக்கலாமா? ஆனால் அவர் பல்லாண்டு காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். காலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே எழுத்தறிவித்தவர் மாலையில் எழுதிய கேலி என்பதால் பொறுத்துக்கொள்கிறோம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். நந்தனாரைப் போலக் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். சேரிப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கூடத்தில் எழுந்த சிரிப்பு பையனைப் பார்த்தல்ல. அவனுக்குக் கல்வி எதற்கு என்றவர்களைப் பார்த்து.

கூட்டம் முடிந்து பெரியவரோடு தேநீர் குடித்தோம். ஆலைக் காலத்தை நினைவுபடுத்தினார். ரோடியர் மில் என்று ஊர் சொன்ன ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டது. புதுவையில் அந்தச் சங்கு இன்று இல்லை. இவர் வேலை பார்த்த பிரிவில் ஒரு மேஸ்திரி. சங்கு ஊதி ஒரு நிமிடம் கழித்து வந்தாலும் அரை நாள் கூலியை வெட்டிவிடுவார். அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'அரைநாள்'. இருபது ஆண்டு காலம் அந்தப் பெயர் தறிக்குத் தறி ஓடியிருக்கிறது. அவர் காதில் மட்டும் விழவில்லை.

ஓய்வு பெறும் நாளன்று மாலை போட்டார்கள். மனிதருக்கு மனம் இளகிவிட்டது. "இனிமே நான் உங்க மேஸ்திரி இல்லப்பா. எனக்கும் ஏதோ பேரு வச்சிருந்தீங்களாமே, இன்னாபேரு? சும்மா சொல்லுங்க" என்றாராம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பென்ஷன் காகிதத்தில் அவர் கையெழுத்து இன்னும் பலருக்கு வேண்டியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் பணிவாகக் கேட்டது:

"முழுசாத் தெரியாதுங்க ஐயா. பாதிதான் தெரியும்."