ஆங்கிலத்தில் வந்த நம் ஊர்

எண்பதுகளில் இரண்டு மொழியிலும் படித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. கிளை நூலகத்தில் தி. ஜானகிராமனையும் அசோகமித்திரனையும் எடுத்து வந்தால் அம்மாவோடும் அத்தையோடும் மணிக்கணக்கில் பேசலாம். கல்லூரியில் ஹார்டி, டிக்கன்ஸ். பழைய புத்தகக் கடையில் கிரஹாம் கிரீன். அதைப் பேச வேறு நண்பர்கள் இருந்தார்கள். ஆர்.கே. நாராயணின் மால்குடியை விட்டால் ஆங்கிலம் என்பது அசலூர்க் கதைதான்.

அசலூர்க் கதை தமிழிலும் வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்ற சோவியத் புத்தகங்கள், மாணவர்கள் கைக்காசில் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தன. ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வை நான் தமிழில்தான் படித்தேன். இன்றும் அந்தக் கிர்கீஸ் வயல்வெளி எனக்குத் தமிழ் பேசும் இடமாகவே நினைவில் இருக்கிறது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை மிகக் குறைவு. தொண்ணூறுகளின் நடுவில் மினி கிருஷ்ணனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மேக்மில்லன் இந்திய மொழி நாவல்களை வரிசையாகக் கொண்டுவந்தது. 1992-இல் தமிழில் வெளியான பாமாவின் ‘கருக்கு’ 2000-இல் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போனது. மௌனி, அசோகமித்திரன், அம்பை, இமையம், சல்மா என்று 2016-இல் காலமாகும் வரை லக்ஷ்மி ஓயாமல் உழைத்தார். அவர் பெயரைச் சொல்லாமல் இன்றைய நிலையைப் பேசவே கூடாது என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தப் புத்தகங்களை அன்று கல்லூரி ஆங்கிலத் துறைகளில்தான் அதிகம் பார்த்தேன். ரயில் பயணத்துக்கு ஒரு நாவல் வாங்கப் போகிறவர் கண்ணில் அவை படவில்லை.

இன்று கண்ணில் படுகின்றன. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலத்தில் 2023-ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனது. அதே ஆண்டு பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’, ஜனனி கண்ணனின் மொழிபெயர்ப்பில் ஜேசிபி பரிசைப் பெற்றது. ஆசிரியருக்கு 25 லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். மொழிபெயர்த்தவருக்கு இந்த நாட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சமீபத்தில் படித்தவற்றில் என்னை அதிகம் அலைக்கழித்தவை நேரடியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரண்டு ஈழ நாவல்கள். வி.வி. கணேஷானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ 2024-இல் பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் பெற்றது. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் சசி தன் மேல் கொதிநீரைக் கொட்டிக்கொள்கிறாள். அலறல் கேட்டு வரும் அதே தெருவில் இருக்கும் பையன் முட்டைகளை உடைத்து அவள் புண்ணின் மேல் ஊற்றுகிறான். அவனே பின்னால் இயக்கத்தில் சேர்கிறான். 1983 கொழும்புக் கலவரம் அவளுடைய மூத்த அண்ணனை விழுங்குகிறது. முட்டை வழியும் அந்தத் தோலை நான் பல நாள் மறக்கவில்லை. இத்தனை பெரிய அழிவை ஒரு வீட்டின் அடுக்களைப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே! நாவலில் வரும் பேராசிரியை, 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவை நினைவூட்டுகிறார். ராஜினி மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’யை முன்பே தமிழில் படித்திருந்தேன். அதில் தகவலாகத் தெரிந்திருந்தது இங்கே ஆளாக எழுந்து வந்து வகுப்பெடுத்தது. எந்தத் தரப்பின் கொலையையும் மூடி மறைக்காத துணிவு இந்த நாவலுக்கு இருக்கிறது. அதற்காகவே எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நார்த்’ 2021-இல் புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. பாட்டியைப் பார்த்துக்கொண்ட ராணி இறந்துவிட, கிருஷன் கொழும்பிலிருந்து வடக்கே அவள் இறுதிச் சடங்குக்குப் போகிறான். கதை இவ்வளவுதான். பக்கக் கணக்கில் நீளும் வாக்கியங்கள் சில இடங்களில் என்னைச் சோர்வடைய வைத்தன, அதை மறைக்கவில்லை. ஆனால் நடுவில் திடீரென்று பெரிய புராணத்துப் பூசலார் வருகிறார். கையில் பொருளில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிச் சிவனுக்குக் கோயில் கட்டிய திருநின்றவூர்க்காரர். சின்ன வயதில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. எல்லாம் இழந்த ஒரு நிலத்துக்குப் போகிறவன் அந்தக் கதையை நினைக்கும்போது, பூசலார் எனக்கு வேறு ஆளாகிவிட்டார். பக்திக் கதையாக மட்டும் அறிந்திருந்தவரை, இல்லாத ஒன்றை மனத்தில் கட்டிக் காப்பவராகப் பார்த்தேன். நாயன்மாரில் ஒருவரைப் புதிதாகப் பார்க்க ஓர் ஆங்கில நாவல் கண் கொடுக்கும் என்பதை அன்றைய கல்லூரி நாட்களில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு குறையும் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனவர்களின் பெயர்களே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. போகாதவர்களின் நல்ல நாவல்கள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. பதிப்பாளர்கள் பரிசுப் பட்டியலுக்கு அப்பாலும் தேட வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிப்பது எழுத்துக்கூட்டித்தான். ‘ஆளண்டாப் பட்சி’யை அவள் ஆங்கிலத்தில் படித்தாள், நான் தமிழில். பங்கு பிரித்ததில் ஏமாந்த கடைக்குட்டி முத்து, வேறு நிலம் தேடி மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு போகும் கதை அது. படித்து முடித்த அன்று ராத்திரியே போன் செய்தாள். “அம்மா, நம்ம தாத்தாவுக்கு மட்டும் ஏன் அந்த மேட்டு நிலம் வந்தது? பெரிய தாத்தா ஏமாத்திட்டாரா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையைப் பற்றி அதுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிணற்றுப் பங்கு விவகாரம் மட்டும் அத்தைக்குத்தான் தெரியும் என்றேன். மறுநாளே அத்தையைக் கூப்பிட்டிருக்கிறாள்.