கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆன கதை தெரியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். கோவெண்டர், மூட்லி, படையாச்சி, பில்லே என்று வந்துகொண்டே இருக்கும். யார் இவர்கள்? நம் கவுண்டர்தான் கோவெண்டர்! நம் முதலியார்தான் மூட்லி! காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத்தர்கள் எழுதி வைக்க, அதுவே பரம்பரைப் பெயராகிவிட்டது.

1860 நவம்பர் 16. சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலி! 1911 வரை அப்படி டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,52,184! ஒவ்வொருவருக்கும் ஓர் எண். மனிதரை எண்ணாக்கியது கொடுமைதான். ஆனால் குடும்பத்தின் பழைய சான்றிதழ் ஒன்றில் அந்த எண் மட்டும் கிடைத்துவிட்டால் போதும், கொள்ளுப்பேரனுக்குக் கதவு திறந்த மாதிரி! கப்பல் பட்டியலில் எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (தாலுகா மாதிரி), கிராமம், உயரம், அதோடு அங்க அடையாளம்! போட்டோவே இல்லாத ஒரு பாட்டனாருக்கு எங்கே தழும்பு இருந்தது என்று இன்றைக்கும் தெரிந்துகொள்ளலாம் என்றால் சிலிர்க்கிறது அல்லவா?

எல்லாருக்கும் சாதிப் பட்டம் குடும்பப் பெயராகவில்லை. பலருக்குக் கப்பலேறிய தாத்தாவின் பெயரே நின்றுவிட்டது. இங்கே தலைமுறைக்கு ஒரு இனிஷியல் மாறுகிறது. அங்கே ஐந்தாம் தலைமுறைப் பெண்ணும் ‘மிஸ் முனுசாமி’தான்! ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதும் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்! சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914-இல் 16 வயதில் இறந்த அந்தப் பெண்ணின் பூர்விக ஊருக்கு மறு ஆண்டே காந்தி வந்தார்.

சரி, பட்டியலில் ‘வட ஆற்காடு’ என்று இருக்கிறது. உடனே வேலூருக்கு டிக்கெட் எடுத்துவிடலாமா? கூடாது! அந்த ஜில்லாவின் ஒரு பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். தேடும் ஊர் இன்று ஆந்திராவில்கூட இருக்கலாம்! கிராமத்தின் பெயரும் எழுத்தரின் காது வழியாக வந்ததுதான். ஆகவே வாய்விட்டுப் பலவிதமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். குலதெய்வத்தின் பெயர் வீட்டில் மறக்காமல் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம்: பட்டியல் காட்டும் தாலுகாவில் அதே தெய்வத்துக்குக் கோயில் உள்ள ஊர்களைப் பார்த்தாலே தேடல் பாதியாகச் சுருங்கிவிடும்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்களேன், “கப்பலேறிப் போனவர் யாராவது நம் வகையறாவில் உண்டா?” என்று. அதே பெயரை டர்பனில் ஒரு கோவெண்டர் இப்போது தேடிக்கொண்டிருக்கலாம்!