நீரிழிவும் விரல் அழுத்தமும்

தில்லி போன்ற நகரங்களின் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதைகளைக் காண்கிறோம். அவற்றின்மீது வெறுங்காலுடன் நடந்தால் உள்ளங்காலின் நரம்புகள் தூண்டப்பெற்று நோய் தணியும் என்பது பலருடைய நம்பிக்கை. நீரிழிவு உடையோருக்கு இது ஏற்றதா? நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய் உடையவர் என 2023-இல் வெளியான ஆய்வொன்று கூறுவதால், இக்கேள்வி நம்முட் பலரைப் பற்றியது.

அக்குப்பிரஷர் எனும் விரல் அழுத்த முறை சீன மருத்துவத்தின் வழிவந்தது. ஊசி குத்தும் அக்குபங்சருக்கு இது உறவு; இங்கு விரலே கருவி. முழங்காற்சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, முன்கால் எலும்பின் வெளிப்புறமாக உள்ள ஓரிடம், நீரிழிவுக்கெனப் பெரிதும் கையாளப்படுகிறது.

இதனால் குருதியிற் சர்க்கரை குறையுமா? சில ஆய்வுகளில் ஓரளவு குறைந்ததாகத் தெரிகிறது. ஆயினும் அவை சிலரைக் கொண்டு, குறுகிய காலமே நடந்தவை. உறுதியான முடிவுக்கு அவை போதா. ஆதலின் இம்முறை மருந்துக்குத் துணையாகலாமேயன்றி, மருந்தாகாது.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்குமுன், உடலில் இன்சுலின் சுரவாத குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் மாண்டனர். அத்தகையோர் இன்றும் ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு இடர் நேரும். “மாத்திரையை விட்டுவிடுங்கள்” என்று எவரேனும் கூறுவாராயின், அவரை விட்டு விலகுவதே அறிவுடைமை.

கூழாங்கற் பாதைக்கு மீண்டும் வருவோம். நெடுநாள் நீரிழிவு பாதத்து நரம்புகளை மழுங்கச் செய்வதுண்டு. அப்போது கல் குத்துவதும் தெரியாது; வெயிலிற் காய்ந்த தரை சுடுவதும் தெரியாது. சிறு கீறல் ஆறாப் புண்ணாகிக் காலையே இழக்க நேரலாம். எனவே நீரிழிவு உடையோர் அப்பாதையில் வெறுங்காலுடன் நடத்தல் தகாது.

அழுத்த முறையை நாடுவோர் முதலில் மருத்துவரைக் கேட்டறிக. அழுத்துபவரிடம் நோயைச் சொல்லிவிடுக. நாம் மதுமேகம் என்பதை இந்தி பேசுவோரும் மதுமேஹ் என்றே வழங்குகின்றனர். புண்ணுள்ள இடத்திலும் உணர்ச்சி குன்றிய பாதத்திலும் அழுத்துதல் கூடாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையைத் தவறாது செய்து கொள்க. அழுத்தத்தின் பயனை அளப்பது நம் நம்பிக்கையன்று, அச்சோதனையே. நாள்தோறும் இரவில் பாதங்களை ஒருமுறை உற்று நோக்குக. செலவில்லாத இவ்வழக்கம் காலைக் காக்கும்.