‘குடும்பம் இல்லை’ எனும் உறுதிமொழி

கடந்த பொங்கல் விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருவர் நெரவியில் உள்ள எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தார். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். அதே பிரிவில் பணியாற்றும் பெண் ஒருவருடன் ஆறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்கிறார். அது காதல்தான் என்பதை என்னிடம் அவர் மறைக்கவில்லை.

அலுவலகக் காதல் என்றால் திரைப்படங்கள் நமக்குப் பழக்கியவை கள்ளப் பார்வைகளும் கனவுப் பாடல்களும்தான். “உங்கள் கனவுதான் என்னம்மா?” என்று கேட்டேன். “எனக்கு ஏதேனும் நேர்ந்தால் அலுவலகம் முதலில் அவளைத்தான் அழைக்க வேண்டும், சார்” என்றார். அவர் கையில் இருந்தது வருங்கால வைப்பு நிதியின் நியமனப் படிவம்.

1952-ஆம் ஆண்டு வைப்பு நிதித் திட்டத்தின்படி பெண் ஊழியரின் குடும்பம் என்பது கணவர், பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர், கணவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் முதலியோர். இவர்களுள் ஒருவர் இருந்தாலும் வெளியாரை நியமிப்பது செல்லாது. இவர்களுள் எவரும் இல்லையெனில் யாரையும் நியமிக்கலாம். ஆனால், ‘எனக்குக் குடும்பம் இல்லை’ என்று படிவத்தில் உறுதியளிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் இதே வழியில்தான் சென்றது.

இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். குடும்பமாக வாழும் ஒருவருக்குத் தன் சேமிப்பைத் தர, குடும்பமே இல்லை என்று அப்பெண் கையொப்பமிட வேண்டும். நாளை அவருடைய தந்தை ஓய்வுபெற்று மகளைச் சார்ந்து வாழும் நிலை வந்தால் அந்த நியமனமும் செல்லாததாகிவிடும்.

நீதிமன்றங்கள் இவ்வழியில் வெகுதூரம் நடந்துள்ளன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொத்து வாழும் தன்பாலின உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னை வந்த இரு பெண்களின் வழக்கில், 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்புக்கு முன் தாமே உளவியல் ஆலோசனை பெற்று இப்பொருளைக் கற்றார். 2023-இல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு ஏற்பளிக்க மறுத்தது. எனினும், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறியது. காரைக்காலும் அந்நீதிமன்றத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

நிர்வாகமும் சற்று அசைந்துள்ளது. தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என 2024 ஆகஸ்ட் மாதம் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. வங்கியில் இயல்வது வைப்பு நிதியில் ஏன் இயலக் கூடாது?

பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் எங்கள் பகுதிக்குப் புதியவை அல்ல. பிரான்சு 2013-இல் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியதால், துணைவரை இழந்தோருக்கான ஓய்வூதிய உரிமை அத்தகைய இணையருக்கும் உண்டு. ஆக, காரைக்காலின் ஒரே தெருவில் பிரெஞ்சுக் குடிமகளுக்கு உள்ள உரிமை, அடுத்த வீட்டு இந்தியக் குடிமகளுக்கு இல்லை.

இது பெற்றோரின் உரிமையைப் பறிக்காதா என்று சிலர் வினவக்கூடும். முதுமையில் ஆதரவற்ற பெற்றோருக்கு ஒரு பங்கை உறுதி செய்வதில் தவறில்லை. ஆனால், வைப்பு நிதி பரம்பரைச் சொத்தன்று. ஊழியர் உழைத்து ஈட்டி, பின்னாளுக்கென ஒதுக்கிவைத்த ஊதியம். அது யாரைச் சேர வேண்டும் என்பதில் அவருடைய சொல்லுக்கு இடமிருக்க வேண்டும். ‘உடன் வாழும் இணையர்’ என்று படிவத்தில் ஒரு வரி சேர்ப்பதால் அரசுக்குக் கூடுதல் செலவு எதுவுமில்லை.

பெற்றோர் தற்போது தம்மைச் சார்ந்திருக்கவில்லை என்பதால் அப்படிவத்தில் என் மாணவி கையொப்பமிட்டார். ‘குடும்பம் இல்லை’ என்ற வரியருகே அவருடைய பேனா சற்று நேரம் நின்றது. அந்த வரியை எழுதியவர்கள் அந்தத் தயக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.