பழைய கார் ஏசி: கேஸ் எங்கே போகிறது?

1960-களின் அமெரிக்க கார் ஒன்றில் ஏசி குளிரவில்லை என்றால், முதலில் காதில் விழும் தீர்ப்பு 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்பதுதான். பெட்ரோல் தீரும்; ஏசி கேஸ் தீராது. அது எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. அடைத்த குழாய்களுக்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது.

வீட்டு ஃப்ரிட்ஜில் இந்தத் தொல்லை அரிது. அங்கே மோட்டாரும் கம்ப்ரசரும் பற்றவைத்து மூடிய ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. கார் கம்ப்ரசரைச் சுழற்றுவதோ எஞ்சின் பெல்ட். அதனால் அதன் தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். 1962-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ஏ6 கம்ப்ரசரில், அந்தத் தண்டைச் சுற்றி ஒரு கார்பன் வளையமும் ஒரு பீங்கான் வளையமும் முகத்தோடு முகம் உரசுகின்றன. நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம். கேஸுக்குக் காவல் அந்தப் படலம்தான். கார் மாதக்கணக்கில் நின்றால் அது காய்ந்துவிடும். கேஸுக்கு வழி திறந்துவிடும்.

அந்தக் காலத்துக் கேஸின் பெயர் ஆர்-12. திறந்த வெளியில் மைனஸ் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்க வெப்பம் வேண்டுமே! அதைக் கூலிங் காயில் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் முகத்தில் படும் குளிர், உள்ளே நடக்கும் கொதிப்பின் விளைவு. எத்தனை டிகிரியில் கொதிப்பது என்பதை அழுத்தம் முடிவு செய்கிறது. கார் டயருக்கு அடிக்கிற அளவான 30 பவுண்டு அழுத்தத்தில் 0 டிகிரி. 93 பவுண்டில் 30 டிகிரி. அழுத்தம் காட்டும் கேஜே தெர்மாமீட்டராகவும் வேலை செய்கிறது.

இங்கே ஏமாந்துபோக இடமுண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால், 30 டிகிரி வெப்பத்தில் கேஜ் 93 காட்டும். கேஸ் முழுதாக இருந்தாலும் 93. பாதி போயிருந்தாலும், உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, அதே 93! ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கம்ப்ரசர் இழுக்கும் பக்கம் 30-க்கு அருகிலும், தள்ளும் பக்கம் 150 முதல் 250 வரையிலும் நின்றால் நலம். இரண்டும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது கேஸைத் திரவமாக்கும் கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. இரண்டு முட்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்தால் கம்ப்ரசரின் உள் வால்வுகளைச் சந்தேகிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு வேறொன்று. கொஞ்ச நேரம் ஜில்லென்று வீசும், பிறகு நின்றுவிடும். அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மறுபடி குளிரும். குற்றவாளி, உள்ளே புகுந்த துளி ஈரம். கூலிங் காயிலுக்குள் நுழையுமுன் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சிறு துளையில் அது பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்கிறது; ஏசியை அணைத்ததும் உருகி வழிவிடுகிறது. இதற்கு மெக்கானிக் 'வாக்குவம் போடுவார்'. பம்பு உறிஞ்ச உறிஞ்ச, உள்ளழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அந்த நிலையில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து, ஆவியாய் வெளியேறிவிடுகிறது. சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை.

கசிவைக் கண்டுபிடிக்க அன்று ஒரு விளக்கு இருந்தது. பெயர் ஹாலைடு டார்ச். அதன் சுடர் ஒரு செப்புத் தகட்டைச் சுடவைக்கும். குழாய் இணைப்புகளின் அருகே கொண்டுபோகும்போது ஆர்-12 இருந்தால், அதிலுள்ள குளோரின் செம்போடு சேர்ந்து சுடரைப் பச்சையாக்கிவிடும். அப்போது நச்சுப்புகையும் வரும். இன்று யாரும் அதைக் கையில் எடுக்க வேண்டாம். மின்னணுக் கருவிகளும் புற ஊதா ஒளியில் மின்னும் சாயமும் வந்துவிட்டன.

அதே குளோரின்தான் ஓசோன் படலத்தையும் அரித்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆர்-12 படிப்படியாக விலக்கப்பட்டு, கார்களுக்கு ஆர்-134ஏ வந்தது. அதைப் பழைய காரில் அப்படியே அடித்துவிட முடியாது. பழைய கனிம எண்ணெயோடு அது கலக்காது. எண்ணெயை மாற்றாவிட்டால் கம்ப்ரசர் வறண்டு இறுகிப்போகும்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். குளிர்காலமானாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். தண்டின் எண்ணெய்ப் படலம் காயாமல் இருக்கும்.