தனி ஆளாக பிரேக் ஆயில் மாற்ற எந்தக் கருவி?

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக் நன்றாகச் சூடாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரமேறிய ஆயிலுக்கு அந்த எல்லை 140 தான்! கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உருவாகும். பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்காது.

எனவே காருடன் வந்த புத்தகத்தில் உள்ள கெடுவுக்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள். வழக்கமாக ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து மூடுவார். தனியாகச் செய்ய மூன்று வழிகள் உள்ளன.

1. ஒருவழி வால்வு குழாய்: விலை குறைவு. வெளியேறிய ஆயில் திரும்பி வராது. பெடலை மெதுவாக மிதியுங்கள். பழைய கார் என்றால் பெடலுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் கெடலாம்.

2. கை வேக்குவம் பம்ப்: பெடலைத் தொட வேண்டாம். ஆனால் நிப்பிள் மரை வழியே வெளிக்காற்றும் வரும். குமிழ் நிற்கவில்லையே என்று ஏமாறாதீர்கள்.

3. பிரஷர் பிளீடர்: வேலை சுலபம். மூடி உங்கள் ஆயில் டப்பாவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

ஆண்டுகள் கழித்து ஒருமுறை செய்பவருக்கு முதல் கருவியே போதும். எதை வாங்கினாலும் ஆயில் டப்பா காலியாகக்கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், பல கார்களில் ஸ்கேன் டூல் இணைத்தே அதை வெளியேற்ற முடியும். அது மெக்கானிக் வேலை.

முடித்ததும் என்ஜினை ஓடவிட்டு பெடலை மிதியுங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் காரை எடுக்காதீர்கள். மலைக்குப் போவது பிறகு!