ஜெபமும் சாதிச் சான்றிதழும்

சேரிக்குள் கிறித்தவத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், ‘வெள்ளைக்காரப் பாதிரிமார்’ என்றே பதில் வருகிறது. மதமாற்றத்தை எதிர்ப்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். மிஷன் வரலாறு எழுதியவர்களில் பலரும் அதைத்தான் சொன்னார்கள். இரு கதையிலும் நம் மக்கள் கைநீட்டி வாங்கிக்கொள்பவர்கள் மட்டுமே. தெற்கே மயிலாடியைப் பாருங்கள். மகராசன் என்கிற பறையர் சிதம்பர யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறித்தவ போதனையைக் கேட்டு, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். உறவினர்களிடம் சொன்னார். கூடி ஜெபித்தார்கள். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி அங்கே வந்தது 1806இல், அதற்குப் பிறகுதான்.

இன்றும் நம் தெருக்களில் நடப்பது அதுவே. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, வீட்டுக்காரர் குடியை விடவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருகிறார், கேட்கிறார், ஜெபிக்கிறார். ‘ஞாயித்துக்கிழமை ஒரு தரம் வந்துதான் பாரேன்’ என்கிறார். நற்செய்தி அறிவிப்பு என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதை மயக்கம் என்று ஒதுக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்படியொரு தெருவில் புருஷனின் குடியைப் பற்றி ஒரு பெண்ணிடம் பொறுமையாகக் கேட்க வருகிறவரை நாங்கள் அவ்வளவு எளிதாக ஒதுக்க மாட்டோம்.

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் கைவிடப்பட்டது. ஆனால் சேரியைக் கட்டிப்போடுவது இவையல்ல, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது அது. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே.

கல்வராயன் மலையில் ஒரு மலையாளிப் பழங்குடி ஞானஸ்நானம் பெற்றால் அவர் பழங்குடியாகவே இருப்பார். பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. மலையடிவாரத்தில் ஓர் ஆதிதிராவிடர் அதையே செய்தால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். பஞ்சாயத்துத் தனித்தொகுதி போகிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. தெரு மட்டும் மாறுவதில்லை. ஆகவே ஜெபத்துக்குப் போகிறவர்கள் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆவணங்களில் பழைய பெயர் நிற்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் தவறாமல் தேவாலயம் செல்வதைச் சுட்டிக்காட்டி, பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஞாயிறு வழிபாடு இப்போது சாட்சியம். நீதிமன்றச் சாட்சியம்!

சரி, மாறியவருக்குச் சபைக்குள் என்ன கிடைக்கிறது? இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூருக்கு வாருங்கள். செபமாலை அன்னை ஆலயத்தில் வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் ஒரே மாதாவை வணங்கினார்கள். ஆனால் கல்லறை வேறு. தலித் பிணம் பொதுத் தெரு வழியாக ஆலயத்துக்குப் போக முடியாது. தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, காவல்துறை சுட்டது, இரு வன்னியக் கிறித்தவர்கள் இறந்தார்கள். இதே மாவட்டத்துச் சேஷசமுத்திரத்தில் 2015 ஆகஸ்ட் 15 அன்று தலித்துகளின் மாரியம்மன் தேரைக் கொளுத்தினார்களே, அங்கும் சண்டை பொதுத் தெருவுக்காகத்தான்.

தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. திருச்சபைகள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. தில்லியிடம் இந்த நீதியைக் கேட்கும் ஆயர்களிடம், எறையூர்த் தெருவில் தலித் சவப்பெட்டிக்கு முன்னால் அங்கி உடுத்தி நடக்கும்படி நாம் கேட்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன செய்தியை நம்பி உள்ளே வந்தவர்கள் அவர்களுடைய சபையார்தானே.